சீனவெடியும் இரண்டு தம்பிடியும்

யாழ்ப்பாணத்தார் பட்டாசைச் சீனவெடி என்பார்கள். நம் பக்கத்தில் சிறுவர்கள் உதிரியாகப் பிரித்துக் கொளுத்துகிற சின்ன வெடிக்குச் சீனி வெடி என்று பெயர். சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீனவெடிதான் வாய்வழக்கில் சீனி வெடியாகத் திரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்று பெயரில் மட்டும் சீனம் நிற்கிறது, சரக்கோ சிவகாசியுடையது. இம்மாற்றத்துக்குக் காரணம் கேட்டால் வானம் பார்த்த பூமியையும் உழைப்புக்கு அஞ்சாத மக்களையும் சொல்வார்கள். இரண்டும் மெய்தான். ஆனால் சிவகாசியும் சாத்தூரும் 19ஆம் நூற்றாண்டிலும் இதே போல வறண்டுதான் கிடந்தன. அப்போது எழாத தொழில் 1920களில் ஏன் எழுந்தது என்ற கேள்விக்கு விடை வயற்காட்டில் இல்லை, துறைமுகத்துச் சுங்க அட்டவணையில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ளச் சீனத்திலிருந்தே தொடங்க வேண்டும். அபினிப் போரில் தோற்ற சீனம், 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி கான்டன், அமோய், பூச்சௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்களைப் பிரிட்டிஷ் வணிகருக்குத் திறந்துவிட்டது. வரலாற்றுப் பாடங்களில் ஹாங்காங் பறிபோனதே பெரிதாகப் பேசப்படும். அதனினும் ஆழமான காயம் மறு ஆண்டு வந்த தீர்வை விகிதங்கள் என்று நான் கருதுகிறேன். பெரும்பாலான சரக்குகளுக்குத் தீர்வை ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து என்று நிலைநிறுத்தப்பட்டது. அதைச் சீனம் தன் விருப்பப்படி உயர்த்த முடியாது. 1853இல் சிறுவாள் சங்கம் என்ற கலகக் குழு ஷாங்காய் நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த சுங்க அலுவலகம் செயலிழந்தது. அந்தச் சந்தர்ப்பத்தில் அந்நிய அதிகாரிகள் 1854இல் வசூலை மேற்பார்வையிட அமர்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. ராபர்ட் ஹார்ட் என்ற ஐரிஷ்காரர் 1863 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சீனப் பேரரசின் சுங்கத் தலைவராக இருந்தார். திறமையான நிர்வாகி, கை சுத்தமானவர். ஆனால் நேர்மையாக வசூலிக்கப்பட்டதனால் அந்த ஐந்து சதவீதம் ஆறாகிவிடவில்லை. தன் தீர்வையைத் தானே விதிக்கும் உரிமை சீனத்துக்கு மீள 1928 முதல் 1930 வரை பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. தீக்குச்சியைச் சீனர்கள் 'அந்நிய நெருப்பு' என்று பொருள்படும் சொல்லால் அழைத்து வந்ததில் வியப்பில்லை.

இந்தியாவின் கதையும் நெடுங்காலம் இதேதான். 1882இல் இறக்குமதித் தீர்வைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. 1894இல் ஐந்து சதவீதம் திரும்ப விதிக்கப்பட்டபோது லங்காஷயர் ஆலைக்காரர்கள் கூச்சலிட, இந்திய ஆலைத் துணிக்கும் ஈடுவரி போடப்பட்டது. மாற்றம் வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. சுங்க விஷயங்களில் இந்திய அரசும் சட்டசபையும் ஒத்துப்போகும் இடத்தில் லண்டன் தலையிடாது என்ற மரபு 1919க்குப் பின் உருவாயிற்று. பெயரளவில் சுதந்திர நாடான சீனத்துக்கு வாய்க்காத ஒன்று, அடிமை நாடான இந்தியாவுக்கு அரைகுறையாகவேனும் முன்னதாகக் கிடைத்தது.

கிடைத்ததைப் பயன்படுத்தியவர்களுக்குத் தொழில் வளர்ச்சி நோக்கமே இல்லை. போர்ச்செலவினால் கஜானாவில் துண்டு விழுந்தது, அவ்வளவே. தீப்பெட்டி ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 1921இல் 12 அணா என்றும் 1922இல் ஒன்றரை ரூபாய் என்றும் தீர்வை ஏறியது. கணக்குப் போட்டால் பெட்டிக்கு இரண்டு தம்பிடி. அந்த இரண்டு தம்பிடிதான் ஜப்பானியத் தீப்பெட்டிக்கும் சுவீடன் தீப்பெட்டிக்கும் குறுக்கே நின்றது.

அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மன் இயந்திரங்களை வைத்துச் செய்துபார்த்து, அது கட்டுப்படியாகாமல், கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். மகமை என்ற பெயரில் வணிகத்திலிருந்து பொதுநிதி சேர்த்துப் பள்ளிகள் நடத்திய சமூகத்துக்குச் சிறு முதலைத் திரட்டுவதில் பழக்கம் இருந்தது. ஆனால் சுவீடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மதில் எழுந்ததும் மதிலுக்கு உள்ளேயே வந்து விம்கோ என்ற நிறுவனத்தை 1923இல் தொடங்கினார்கள். 1895இல் ஷிமொனோசெகி உடன்படிக்கைக்குப் பின் அந்நியர்கள் சீனத் துறைமுகங்களில் ஆலை கட்டியதை இது நினைவூட்டுகிறது. 1928இல் தீப்பெட்டித் தீர்வை முறைப்படி பாதுகாப்புத் தீர்வையாயிற்று. இறக்குமதி ஒழிந்தது, அதனால் சுங்க வருமானமும் ஒழிந்தது. அரசு 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே கலால் வரி போட்டு, பெட்டிதோறும் முத்திரைச் சீட்டு ஒட்டவைத்தது. பின்னாளில் கையால் செய்வோருக்கு வரி குறைவாக விதிக்கப்பட்டதால்தான் விம்கோவின் இயந்திரங்களுக்கு எதிரே கைத்தீப்பெட்டி பிழைத்தது.

பட்டாசுக்கு மதில் எழுப்பியது அட்டவணை அல்ல, போர். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உற்பத்திக்கு உரிமம் கட்டாயமாயிற்று. வறண்ட காற்றும் மருந்தோடு பழகிய கைகளும் சிவகாசியில் ஏற்கெனவே தயாராக இருந்தன.

அந்தக் கைகளில் பல குழந்தைகளின் கைகள். குறைந்த வரியும் குறைந்த கூலியும் சேர்ந்தே கைத்தொழிலைக் காத்தன என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்நியச் சரக்கை நிறுத்திய மதிலுக்குள்ளே யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு வரும்வரை சுங்கக் கணக்கோ கலால் கணக்கோ கேட்டதில்லை.

கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிமருந்து இந்தியாவில் 1992இல் தடைசெய்யப்பட்டது. தீக்குச்சியின் தலைக்கு விலக்கு உண்டு. ஆகவே ஒரே ஊரில் ஒரு கூரைக்குக் கீழே குளோரேட் சட்டப்படியான சரக்கு, அடுத்த கூரைக்குக் கீழே குற்றம். சீனப் பட்டாசின் மலிவுக்கு இந்தக் குளோரேட்டும் ஒரு காரணம். 2025இல் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயர் சொல்லி வந்த கன்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் பிடித்தார்கள். உள்ளே இருந்தது சீனவெடி. சிவகாசியிலிருந்து அந்தத் துறைமுகம் காரில் இரண்டு மணி நேரப் பயணம்.