பெயரேடும் பேரிடரும்

பேரிடர் ஒன்று நிகழ்ந்தவுடன் ஜனங்கள் முதலிற் கேட்பது, மாண்டவர் எத்தனை பேர் என்பது. அடுத்துக் கேட்கவேண்டுவது, பிழைத்தவர் உடலும் உள்ளமும் என்னவாயின என்பது. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அறிஞர் பற்பல கருவிகளை இயற்றியுள்ளனர். ஆயினும் அவை யாவற்றிற்கும் அடிப்படையான கருவி ஒன்றுண்டு. அது தோட்டத்துக் கிராணிமார் காலைப் பெரட்டில் நாள்தோறும் கையிலெடுக்கும் பெயரேடேயாம். பெயர் எழுதப்பட்டவனுடைய துன்பம் ஆராயப்படும். எழுதப்படாதவனுடைய துன்பம் அவனோடு மண்ணாய்ப் போகும். நம் நாட்டுச் சரித்திரம் இதற்குச் சான்று பகர்கின்றது.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகர்மீது குண்டு பொழிந்தன. வரவிருந்த ஆபத்தை அறியாத ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தெருக்களில் திரண்டு நின்றனர். சில தினங்களில் ஐரோப்பிய உத்தியோகஸ்தர் இரவோடிரவாகத் தீவை விட்டு அகன்றனர். ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகாசிரியர் சரவணமுத்து முதலியோர் முன்வந்து நகரின் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. 19-ஆம் நாள் ஜப்பானியர் பினாங்கினுட் புகுந்தனர். குண்டுக்கு இரையானோர் தொகையை நூறுகளில் கூறுவாரும் உளர். ஆயிரங்களில் கூறுவாரும் உளர். கணக்கெழுத வேண்டிய கை ஓடிப்போயிற்று. எனவே கணக்கும் இல்லாதொழிந்தது.

இதனினும் கொடிது சயாம் மரண ரயில். பான்போங் முதல் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரும், மலாயா, ஜாவா, பர்மா, சயாம் நாடுகளின் தொழிலாளர் பெருந்தொகையினரும் அதில் வதைபட்டனர். மலாயாவிலிருந்து சென்றவரிற் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர். ஊதியம் தருவதாக ஆசை காட்டிச் சிலரைக் கொண்டு சென்றனர். பலவந்தமாய்ப் பலரை லாரியேற்றினர். பேதி, வாந்திபேதி, மலேரியா, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி, காலை அரிக்கும் புண் ஆகிய இவை கைதியென்றும் கூலியென்றும் பாராது தாக்கின.

நோய் ஒன்றே; கணக்கு மட்டும் இரண்டு. கைதிகளிடையே இராணுவ வைத்தியர் இருந்தனர். மாண்டவன் பெயர், நாள், நோய், புதைத்த இடம் ஆகியவற்றைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, காவலர் கண்ணுக்குப் படாமல் மூங்கிலுக்குள் மறைத்தனர். சில சமயம் தோழருடைய கல்லறைக்குள்ளேயே புதைத்தும் வைத்தனர். போர் முடிந்தவுடன், 1945-ல், அக்குறிப்புக்களின் துணைகொண்டு காட்டுக்குட் புகுந்த தேடற்குழுவினர் சில வாரங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தனர். காஞ்சனபுரியில் மட்டும் இன்று ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன.

நம்மவர் செய்தி யாது? மாண்ட கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் என்றும், மாண்ட தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை என்றும் போர்க் கல்லறை ஆணையத்தார் மதிப்பிடுகின்றனர். வாசகர் இவ்வெண்களைச் சற்று நிதானித்து நோக்குவாராக. தொழிலாளர் கணக்கில் உள்ள ஐயம் மட்டுமே 20,000 உயிர். அஃதாவது, மாண்ட கைதிகளின் மொத்தத் தொகையிலும் அதிகம்! செக்ரோலில் ஒரு நாட்கூலி தவறினும் கிராணியைக் கேள்வி கேட்பர். இருபதினாயிரம் மனிதர் தவறியதற்குக் கேட்பார் இல்லை.

இவ்வேற்றுமை மாண்டவரோடு முடியவில்லை. ஊர் திரும்பிய கைதிகளை இங்கிலாந்தின் லிவர்ப்பூல் வெப்பமண்டல வைத்தியக் கலாசாலையார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். மண்ணிலிருந்து காற்தோல் வழியே உடலுட் புகும் நுண்புழு ஒன்று, விடுதலை பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் பலர் குடலில் வாழ்ந்திருந்ததைக் கண்டு சிகிச்சை செய்தனர். அவர்தம் மனத்துயரையும் ஆராய்ந்தனர். அதே சேற்றில் வெறுங்காலோடு நின்ற தமிழனும் தோட்டத்து லயத்துக்கு மீண்டான். அவன் வயிற்றுவலியையும் இரவில் அவன் அலறியதையும் வீட்டார் விதியென்று கொண்டனர். பெயர்ப்பட்டியலே இல்லாதபோது எந்த வைத்தியர் அவனைத் தேடி வருவார்?

அறுபது ஆண்டுகள் கழிந்து மற்றொரு பேரிடர் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுமத்திராவையொட்டி எழுந்த நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை பிற்பகலில் பினாங்குக் கடற்கரையை அடைந்தது. மலேசியாவில் மாண்டோர் 68 பேர். அவருள் 52 பேர் பினாங்கில் மாண்டவர். இம்முறை தொகையில் பெரிய ஐயம் எழவில்லை. 1948 முதல் அடையாளக் கார்டு வழங்கிவந்த நாட்டில், மாண்டவர் இன்னாரென்று அறிதல் இயன்றது.

கடலுக்கு அப்பால், நம் நகரத்துத் தெரு ஒன்றுக்குப் பெயர் தந்த ஆச்சேயில், நிகழ்ந்தது மகா நாசம். அங்கே அறிஞர்க்கு ஓர் ஏடு கிடைத்தது. பேரலைக்குச் சில மாதங்கள் முன்னரே இந்தோனேசியப் புள்ளிவிவர இலாகாவினர் குடும்பந்தோறும் சென்று கணக்கெடுத்திருந்தனர். 2005 முதல் ஆராய்ச்சியாளர் அதே குடும்பங்களைத் தேடிச் சென்று, இருப்பவர் யார், இறந்தவர் யார், பிழைத்தவர் மனநிலை எத்தகையது என ஆண்டுதோறும் வினவினர். பெண்டிர், சிறுவர், முதியோர் ஆகியோரே அதிகமாய் மாண்டனர் என்பதும், வலிமையுள்ள ஆடவர் உடனிருந்த வீட்டில் மனைவி மக்கள் பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தது என்பதும் இவ்வாறே புலனாயின. முன்னே எழுதிய ஏடு இல்லையேல், பின்னே நிகழ்ந்ததை அளக்கும் கோலும் இல்லை.

பெயரேட்டுக்கு அடுத்த கருவி வினாத்தாள். லண்டன் மனநோய் வைத்தியர் கோல்ட்பர்க் 1970-களில் அமைத்த பொதுச் சுகநிலை வினாத்தாளின் சுருங்கிய வடிவில் பன்னிரண்டே வினாக்கள் உள்ளன. உறக்கம் கெட்டதா, ஊக்கம் குன்றியதா என்பன போன்றவை. எளிய கருவிதான், எனினும், கேட்கும் மொழி பிசகினால் விடையும் பிசகும். நம் தாய்மார், "மனம் சோர்ந்தது" என்று சொல்வது அரிது. "நெஞ்சு அடைக்கிறது, உடம்பு எரிகிறது" என்பர். துயரம் உடல்வலியாகப் பேசுவதை யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரிடையே வாழ்ந்து எழுதினார். தனி மனிதனை மட்டும் வினவினால் போதாது, குடும்பமும் ஊரும் கூட்டாகக் காயப்படுகின்றன என்றும் அவர் வற்புறுத்தினார். ஆங்கில வினாவை அகராதி கொண்டு பெயர்த்துக் கேட்பவர் இக்காயத்தைக் காணமாட்டார்.

ஆதலின், நாம் செய்யத்தக்கது யாது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் பட்டணத்து ஓரங்களிற் சிதறிய இக்காலத்தில், பிறப்புச் சான்றும் அடையாளக் கார்டும் இன்றித் தவிக்கும் தமிழர் இன்னும் இருக்கின்றனர். பிள்ளை பிறந்தால் பெயர் சூட்டு விழாவுக்குச் செலவிடும் நாம், பதிவுக் காரியாலயத்துக்கு ஒரு நாள் செலவிடத் தயங்கலாமா? சயாமுக்குச் சென்ற பாட்டனார் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா என்னும் மூன்று செய்திகளையேனும் ஒவ்வொரு குடும்பத்தாரும் எழுதி வைக்கலாகாதா? அடுத்த வெள்ளமோ கொள்ளைநோயோ வரும் நாளை நாம் அறியோம். அது வருவதற்கு முன் நம் பெயர் ஏட்டில் ஏறியிருப்பது நம் கையில் உள்ளது.