வடிவச் சுரமும் பயின்ற குரலும்

சங்கீதக் கல்லூரியில் பயின்ற பாடகர், உழவர் பெருமக்களிடம் சென்று மறுபடியும் பாடம் கேட்பது எங்கும் அரிதாகவே நிகழ்வது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது நிகழ்ந்திருக்கிறது. அவ்வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில், நியூ இங்கிலாந்து என வழங்கும் வடகிழக்குப் பகுதியில், தேவாலயப் பாடல்களைச் செம்மையாகப் பாடக் கற்பிக்கும் பாட்டுப் பள்ளிகள் தோன்றின. பாஸ்டன் நகரில் தோல் பதனிடும் தொழில் செய்த வில்லியம் பில்லிங்ஸ், 1770-இல் தாமே இயற்றிய மெட்டுகளை நூலாக வெளியிட்டார். பின்னர், பிலடெல்பியாவில் 1801-இல் வெளிவந்த 'ஈஸி இன்ஸ்ட்ரக்டர்' என்னும் நூல் எளிய உபாயம் ஒன்றைக் கையாண்டது. குறியின் வடிவமே சுரத்தின் பெயரைச் சொல்லிவிடும். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைர வடிவம் மி. நாம் கீதம் பயிலும்போது சுரத்தை முதலில் பாடிச் சாகித்தியத்தைப் பின்னர்ப் பாடுவதுபோல, இவர்களும் முதலில் வடிவப் பெயர்களைப் பாடி, அதன் பிறகே சொற்களைப் பாடுவர்.

நகரத்து இசைவாணர் பலருக்கு இம்முறை உவப்பாக இல்லை. லோவெல் மேசன் முதலியோர் ஐரோப்பிய இசையிலக்கணமே உயர்ந்ததென்று கருதினர். அவரது முயற்சியால் 1838-இல் பாஸ்டன் பொதுப் பள்ளிகளில் இசை பாடமாயிற்று. அது நற்பணியே, எனினும் பழைய மெட்டுகளும் வடிவக் குறிகளும் வட நகரங்களில் மதிப்பிழந்தன. தெற்கே நிலை வேறு. 1844-இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பி. எப். ஒயிட், இ. ஜே. கிங் இருவரும் 'சேக்ரட் ஹார்ப்' என்னும் தொகுதியை வெளியிட்டனர். ஜார்ஜியா, அலபாமா முதலிய மாநிலங்களில் கிராமத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பாடிக் காத்தன.

1933-இல் பேராசிரியர் ஜார்ஜ் புல்லன் ஜாக்சன் இம்மரபைப் பற்றி நூல் எழுதினார். 1959-இல் ஆலன் லோமாக்ஸ் அலபாமாவில் ஒரு மாநாட்டின் பாடலை ஒலிப்பதிவு செய்தார். 1976-இல் நியூ இங்கிலாந்திலேயே இதற்கென ஒரு மாநாடு தொடங்கிற்று. ஜார்ஜியாவின் ஹியூ மெக்ரா போன்றவர்கள் வடக்கே சென்று வழிகாட்டினர். பிறந்த வீட்டில் மறக்கப்பட்ட கலை, புகுந்த வீட்டாரின் கையால் திரும்பி வந்தது.

பயின்ற பாடகருக்கு இங்கே என்ன தடை? முதலாவது, குரல். மேடைக்கென மெருகேற்றிய அசைவுள்ள குரல் இங்கு பொருந்தாது. நேரான, திறந்த, முழுக் குரலே வேண்டும். இரண்டாவது, ஏடு. மைனர் மெட்டுகளில் ஆறாம் சுரத்தை மரபில் வந்தவர் பலர், அச்சிட்டதைவிடச் சற்று உயர்த்திப் பாடுவர். ஏட்டில் உள்ளபடி பிழையின்றிப் பாடுபவர் அங்கே தனித்து ஒலிப்பார். சுருதியும் அச்சிட்டபடி அமைவதன்று. கூட்டத்தில் அனுபவமுள்ள ஒருவர் செவியறிவால் அதை எடுத்துக் கொடுப்பார். ஆகவே ஏட்டறிவோடு கேள்வியறிவும் வேண்டும்.

மூன்றாவது தடையே பெரியது என்று நான் கருதுகிறேன். டிரெபிள், ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் நான்கு பிரிவினரும் சதுரமாக, ஒருவரையொருவர் நோக்கி அமர்வர். பாடலை நடத்துபவர் நடுவே நிற்பார். அப்பொறுப்பு ஒருவருக்கே உரியதன்று. ஒருவர்பின் ஒருவராகப் பலரும், சிறுவர்கூட, முறை பெறுவர். கேட்பதற்கென்று சபை இல்லை, கைதட்டலும் இல்லை. மாநாட்டில் மறைந்த பாடகரின் பெயர்களைச் சொல்லி நினைவுப் பாடல் பாடுவதும் வழக்கம். கச்சேரிக்குப் பழகிய ஒருவர் அங்கு தம் குரலை யாருக்குக் காட்டுவார்?

பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. சுரஞானமும் மூச்சடக்கமும் எங்கும் உதவும். ஆனால் நல்ல குரல் எது என்பதை ஒவ்வொரு மரபும் தன் தேவைக்கேற்பத் தீர்மானிக்கிறது. நகரத்தார் கரடுமுரடென்று ஒதுக்கியதைக் கிராமத்தார் கைவிட்டிருந்தால், பின்வந்த பாடகர்க்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே மிஞ்சியிராது. பிறரது கலையை எடை போடுமுன், அதைப் பாடுவோரின் நடுவே சிறிது நேரம் அமர்ந்து கேட்பது கற்றோர்க்கு அழகு.