அறைச் சுவரில் ஒரு காவலன்



கடுங்குளிர் என்பது நம்மிற் பெரும்பாலோர்க்கு ஏட்டிற் கண்ட செய்தி. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும் என்றிருப்பவர்கள் நாம். நுவரெலியாவில் வாழ்வோர் மாத்திரம் கணப்பின் அருமையைச் சிறிது அறிவர். வட அமெரிக்காவின் வடபகுதியிலோ நிலைமை வேறு. அங்கே பனிக்காலத்தில் வீட்டின் நிலவறையிலுள்ள உலை அணைந்துவிட்டால், குழாயில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். முதியோரும் குழந்தைகளும் உயிருக்கே அஞ்ச வேண்டியிருக்கும். அத்தகைய உலையை, மனிதர் கை தொடாமலே வேண்டும்போது எரியவும் வேண்டாதபோது அணையவும் செய்கின்ற சிறு கருவி ஒன்று அறைச் சுவரில் அமர்ந்திருக்கின்றது. ஆங்கிலத்தில் அதனைத் தெர்மோஸ்டாட் என்பர். வெப்பநிலைநிறுத்தி என்று நாம் கூறலாம். அக்கருவியும், அதிலிருந்து உலைக்குச் செல்லும் மெல்லிய கம்பிகளும் தோன்றிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வெண்ணம் முதலில் உதித்தது மனிதரின் குளிரைப் போக்குவதற்காக அன்று, கோழிக்குஞ்சுகளின் பொருட்டு! பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸின் ஆதரவைப் பெற்றிருந்த கோர்னேலிஸ் டிரெபல் என்னும் ஒல்லாந்தர், முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றை அமைத்தார். தேம்ஸ் நதியில் நீரின்கீழ் ஓடம் செலுத்திக் காட்டியவரும் இவரே. அடுப்பின் சூடு மிகுந்தால் குழாயிலுள்ள மதுசாரம் விரிந்து இரசத்தை உயர்த்தும்; இரசம் ஒரு கோலை உயர்த்தும்; கோல் அடுப்பின் வாயை மூடும். சூடு குறைந்தால் வாய் மீண்டுந் திறக்கும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் நெருப்பை மனிதன் கண்டது அப்பொழுதேயாம்.

அதன்பின் வந்தது ஈருலோகத் தகடு. பித்தளையும் இரும்பும் ஒரே அளவிற் சூடேறினும் ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டையும் ஒட்டித் தகடாக்கினால், சூடேறுந்தோறும் அத்தகடு ஒரு பக்கமாக வளையும். 1830ஆம் ஆண்டில், அன்ட்ரூ யூர் என்னும் ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞர் இத்தத்துவத்திலமைந்த கருவியொன்றுக்கு உரிமைப்பத்திரம் பெற்று, தெர்மோஸ்டாட் என்ற பெயரையும் சூட்டினார். இன்று நம் இல்லங்களிலுள்ள மின்சார இஸ்திரிப்பெட்டிகள் பலவற்றில் 'டிக்' என்று ஓசையிடுவதும் இத்தகைய தகடே.

இனி வருவது ஓர் ஆசிரியரின் கதை. என் போன்றோர் இதைச் சற்று விரித்துரைத்தால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வைற்வாட்டர் என்னும் ஊரிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வோரன் ஜோன்சன் என்பவர் கற்பித்துவந்தார். அக்கல்லூரியின் உலை நிலவறையில் இருந்தது. ஊழியர் ஒருவர் வகுப்பு வகுப்பாகச் சென்று, கதவைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்துவிட்டு, மீண்டும் கீழே இறங்கிக் காற்றுவழியைத் திருத்த வேண்டும். பாடம் நடக்கும்பொழுது கதவு திறந்தால் மாணவர் கவனம் எங்கே செல்லும் என்பதைப் பாடசாலை நடத்துவோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோன்சன் அறையில் ஈருலோகச் சுருளையும் இரச ஆளியையும் பொருத்திக் கம்பி இழுத்தார். அறை குளிர்ந்தால் நிலவறையில் மணி ஒலிக்கும்; ஊழியர் படியேற வேண்டியதில்லை. இதற்கு அவர் 1883இல் உரிமைப்பத்திரம் பெற்றார். 1885இல் மில்வோக்கி நகரில் நிறுவனமும் தொடங்கினார். அறையையும் உலையையும் மின்கம்பியால் இணைத்த பெருமையில் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு.

மணியொலித்தால் மனிதன் ஓட வேண்டும் என்பதே அதன் குறை. சுவிற்சர்லாந்திற் பிறந்து மினியாபொலிசில் வாழ்ந்த அல்பேட் பட்ஸ் அக்குறையையும் நீக்கினார். 1886இல் அவர் உரிமைப்பத்திரம் பெற்ற அமைப்பில், அறை குளிர்ந்தவுடன் மின்னோட்டம் பாய்ந்து ஒரு பொறியை விடுவிக்கும். பொறி அரைச் சுற்றுச் சுழன்று, சங்கிலியால் உலையின் காற்றுவழியைத் திறக்கும். நிலக்கரி கொழுந்துவிட்டு எரியும். அறை சூடேறியதும் மற்றோர் அரைச் சுற்று; வழி மூடும்.

நிலக்கரியின் இடத்தை வாயு மெல்ல மெல்லப் பிடித்தது. நியூ ஜேர்சியிலுள்ள மொறிஸ்ரவுணைச் சேர்ந்த அலிஸ் பாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி, வீட்டை வாயுவால் வெப்பமூட்டும் உலை ஒன்றுக்கு 1919 டிசெம்பரில் உரிமைப்பத்திரம் பெற்றார். பல எரிகலன்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே அடக்கும் வசதி என்பன அவரது வரைபடத்தில் இருந்தன.

ஆயினும் வாயு நிலக்கரியைப் போன்றதன்று. கரி தானாக அறைக்குள் பரவாது. இயற்கை வாயுவோ நிறமற்றது, மணமுமற்றது. 1937 மார்ச் 18ஆம் நாள், ரெக்ஸாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில், எண்ணெய்ச் செல்வத்தால் எழுந்த அழகிய பாடசாலையொன்றில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கொதிகலனும் நீராவியும் வேண்டும் என்று வரைந்த திட்டத்தைக் கைவிட்டு, அறைதோறும் வாயு அடுப்புகள் வைத்திருந்தனர். மாதச் செலவைக் குறைக்க, எண்ணெய்க் கிணற்றுக் கழிவு வாயுக் குழாயோடும் இணைத்துக்கொண்டனர். கசிந்த வாயு தளத்தின் அடியில் நிறைந்தது, ஒருவரும் உணர்ந்திலர். பிற்பகல் மூன்று மணி கடந்த வேளை, தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மின்னியந்திரத்தின் ஆளியைப் போட்டார். ஒரு பொறி எழுந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்டனர். அப்பாடசாலைகளின் தலைமை அதிகாரியும் தம் மகனை இழந்தார். சிக்கனம் என்ற சொல்லைக் கூட்டங்களில் நாம் எளிதாக உச்சரிக்கின்றோம். அவ்வூரில் அச்சொல்லின் விலை அதுவாயிற்று. வாயுவுக்குத் தீநாற்றம் ஊட்டவேண்டும் என்ற சட்டத்தை ரெக்ஸாஸ் அவ்வாண்டே இயற்றியது. அவ்வழக்கம் பிற இடங்களுக்கும் பரவியது.

ஆகவே, 'எரி' என்று கட்டளையிடும் கம்பி மாத்திரம் போதாது. 'எரியாதே' என்று தடுக்கும் கம்பியும் வேண்டும். இதற்கு உதவியது, செருமானிய அறிஞர் சீபெக் 1821இல் கண்ட உண்மை. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் சிறிது மின்சாரம் பிறக்கும். சிறு வழிகாட்டிச் சுடர் அவ்வெப்பவிணையைச் சுட்டுக்கொண்டேயிருக்க, அதனால் எழும் ஏறத்தாழ 30 மில்லிவோல்ற்று வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வும் மூடும். பின்வந்த உலைகளில் வழிகாட்டிச் சுடர் இல்லை. சுடரினூடே மின்சாரம் பாயும் இயல்பைக்கொண்டே நெருப்பு உண்டா என்று அவை அறிகின்றன. அம்மின்னோட்டம் ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கேயாம்.

கம்பிகளின் ஒழுங்கு எளியதே. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. உலையிலுள்ள நிலைமாற்றி அதனை 24 வோல்ற்றாகக் குறைக்கின்றது. ஆதலால் சுவர்க் கம்பியைத் தொட்டவர்க்குப் பெருந்தீங்கு இல்லை. சிவப்புக் கம்பி மின்சாரத்தைச் சுவருக்குக் கொணர்கின்றது. அறை குளிர்ந்தால் கருவி அதனை வெள்ளைக் கம்பியோடு சேர்க்கும். அழைப்பு உலைக்குச் செல்லும். புதிய உலை உடனே வாயுவைத் திறந்துவிடாது. முதலிற் புகையை வெளியேற்றும் விசிறி சுழலும். காற்றோட்டம் உண்டென்று ஓர் ஆளி உறுதிசெய்யும். பற்றவைக்கும் துண்டு செந்நிறமாகும். அதன்பின்பே வால்வு திறக்கும். உலை அளவுமீறிச் சூடேறினால் எல்லை ஆளி ஒன்று சுற்றைத் துண்டிக்கும். பச்சைக் கம்பி விசிறிக்கு, மஞ்சள் குளிரூட்டிக்கு என்பது வழக்கம். வழக்கமே அன்றி விதியன்று. நிறத்தை நம்பாது, கம்பி முனையிலுள்ள எழுத்தைப் பார்த்தே இணைப்பர் தேர்ந்த தொழிலாளர்.

1953இல் ஹனிவெல் நிறுவனத்திற்காக ஹென்றி டிரைபஸ் வடிவமைத்த வட்டக் கருவி இலட்சக்கணக்கான சுவர்களை அலங்கரித்தது. சதுரக் கருவி சற்றுச் சாய்ந்தால் கண்ணை உறுத்தும். வட்டத்திற்கு அக்குறை இல்லை. அதனுள்ளே ஈருலோகச் சுருளும், கண்ணாடிக் குமிழில் ஒரு துளி இரசமும் இருந்தன. இரசம் நஞ்சு என்பதால், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பல அத்தகைய கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தன.

அவற்றின் இடத்துக்கு மின்னணுக் கருவிகள் வந்தபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. பழைய சுருளுக்குத் தனியே மின்சாரம் வேண்டியதில்லை. சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு கம்பிகளே போதுமாயிருந்தன. புதிய கருவிகள் பலவற்றுக்கோ எந்நேரமும் மின்னோட்டம் வேண்டும். அது நிலைமாற்றிக்கு மீளுதற்குப் பொதுக்கம்பி என்னும் மூன்றாங் கம்பியும் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றின் சுவர்களில் அக்கம்பி இல்லை. சுவரை இடிக்காமல், மேலிருந்து நிலவறை வரை அதனை எப்படி இறக்குவது என்பதே அங்குள்ள மின் தொழிலாளரின் தலைவலியாக இருந்துவருகின்றது.