தாதியர் தந்த தாய்வீடு



நோய் வருவது ஒருவருக்கு; நொந்துபோவது வீடு முழுவதும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து நோயாளி ஒருவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அவரோடு இரண்டு பேராவது போகிறார்கள். ஒருவர் கட்டிலருகே இருப்பார். மற்றவர் மருந்துச் சீட்டோடு அலைவார். வீட்டில் தறி நின்றுவிடும்; பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிடுவார்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார உற்றார் ஒருவர் வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். அந்த உற்றாரே இல்லாமற் போனால் என்ன செய்வது? இக்கேள்விக்கு மும்பை மாநகரின் தாதியர் 41 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கைகளால் விடை எழுதினார்கள். அவ்வரலாற்றை இவ்விழா மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

அன்று பம்பாய் என்று வழங்கிய அந்நகரின் பரேல் பகுதியில் கே.ஈ.எம். என்னும் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. கர்நாடகக் கடலோரத்து ஹல்திப்பூர் என்னும் ஊரிலிருந்து வந்து அங்கே நர்சாகப் பணியாற்றியவர் அருணா ஷான்பாக். அதே மருத்துவமனையின் டாக்டர் ஒருவருக்கு அவரை மணமுடிக்கப் பேசியிருந்தார்கள். 1973 நவம்பர் 27 அன்று, வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் வேளையில், மருத்துவமனையின் பணியாளன் ஒருவனே அவரைக் கொடூரமாகத் தாக்கி, நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கினான். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். மூளைக்கு உயிர்க்காற்று செல்லாமையால் பேச்சும் பார்வையும் நடமாட்டமும் போயின. உயிர் மட்டும் நின்றது. அப்போது அவருக்கு வயது 25. குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனை 7 ஆண்டுச் சிறை.

காலப்போக்கில் பெற்றோர் காலமாயினர். பேசிய திருமணமும் நடக்கவில்லை. அருணாவுக்கு எஞ்சியது 4-ம் வார்டை ஒட்டிய ஒரு சிறு அறையும், அங்கு முறைவைத்து வந்த நர்சுகளுமே.

அவர்கள் செய்த பணி யாது? நாள்தோறும் குளிப்பாட்டி உடை மாற்றினார்கள். உணவை மசித்து வாயில் ஊட்டினார்கள். அசையாமல் கிடக்கும் உடம்பில் ஒரே இடம் படுக்கையில் அழுந்திக்கொண்டிருந்தால், அங்கே இரத்தவோட்டம் தடைப்பட்டுச் சதை புண்ணாகும். இதனைத் தடுக்க இரவும் பகலும் சில மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிவிட வேண்டும். வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இவ்வேலையின் பாரம் தெரியும். இரண்டு மாதத்திலேயே புண் கண்டுவிடுவது உண்டு. அருணாவுக்கோ படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே வியந்து குறிப்பிட்டது.

இதனிடையே, 1980-களில், கட்டில் ஒன்று பல்லாண்டுகளாக ஒருவருக்கே போய்விட்டது என்று கருதி, அவரை வேறிடத்துக்கு மாற்ற மாநகராட்சி இருமுறை முயன்றது. நர்சுகள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள்; முயற்சி கைவிடப்பட்டது. மூத்தவர்கள் ஓய்வுபெற்றுப் போகையில் இளையவர்களிடம் அருணாவை ஒப்படைத்துச் சென்றார்கள். அவர் நடந்தும் பேசியும் திரிந்த காலத்தில் பிறந்தேயிராத பெண்களும் பின்னாளில் அவருக்குச் சோறூட்டினார்கள்.

2009-ம் ஆண்டு, அருணாவின் வரலாற்றை நூலாக எழுதிய பிங்கி விரானி, இனியும் அவர் துன்புறலாகாது என்ற எண்ணத்தில், அவரை அமைதியாக இறக்கவிட வேண்டுமென உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். மூன்று மருத்துவர்கள் சென்று பார்த்து அறிக்கை தந்தார்கள். தீர்ப்பு 2011 மார்ச் 7 அன்று வந்தது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்குச் சில சூழ்நிலைகளில், உயர் நீதிமன்ற அனுமதியோடு, வழி உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. ஆனால் அருணாவைப் பொறுத்தவரை மனு தள்ளுபடியாயிற்று. அவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு? இத்தனை ஆண்டு இரவு பகலாகப் பேணிவரும் கே.ஈ.எம். மருத்துவமனையாருக்கே என்றனர் நீதிபதிகள். அவர்களோ அருணா வாழ வேண்டும் என்றார்கள். அன்று நர்சுகள் இனிப்பு வழங்கி மகிழ்ந்தார்கள்.

2015 மே 18 அன்று நிமோனியா காய்ச்சலால் அருணா இறந்தார். மருத்துவமனை முதல்வரும் உறவினர் ஒருவரும் சேர்ந்து சிதைக்குத் தீ மூட்டினார்கள். இரத்த உறவும் பணியால் வந்த உறவும் அங்கே அருகருகே நின்றன.

நம் திருச்சபைக்கு இவ்வெண்ணம் புதியதன்று. 1614-ல் மறைந்த புனித கமில்லுஸ், முன்பு போர்வீரராகவும் சூதாடியாகவும் திரிந்தவர்; காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனையில் கிடந்தபோது, நோயாளிகள் கவனிப்பாரற்று வாடுவதைக் கண்டார். தாம் தொடங்கிய சபையாருக்கு அவர் விதித்த ஒழுங்கு இதுதான்: ஒரே பிள்ளை நோயுற்றால் தாய் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி நோயாளியைப் பார்க்க வேண்டும். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1930-ல் அவரை நர்சுகளின் பாதுகாவலராக அறிவித்தார். பரேல் மருத்துவமனைத் தாதியரில் எத்தனை பேர் அப்புனிதரின் பெயரைக் கேட்டிருப்பார்களோ! ஆயினும் அவர் விதித்ததை வாழ்ந்து காட்டினார்கள்.

இவ்வரலாற்றைப் படித்துப் பெருமூச்சு விடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அருணா தாக்கப்பட்டது பணியிடத்தில். 2024-ல் கொல்கத்தாவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனையிலேயே கொல்லப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் அருணாவின் பெயரை மீண்டும் நினைவுகூர வேண்டியதாயிற்று. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இரவில் கண்விழிக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான ஓய்வறையும் அச்சமற்ற வழியும் வேண்டுமெனக் கேட்பது நம் கடமை. வார்டில் நர்சைக் கண்டதும் குரலை உயர்த்தும் பழக்கத்தையும் விட்டொழிப்போம்.

இன்னும் ஒன்று. அடுத்த முறை நம்மவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பக்கத்துக் கட்டிலையும் சற்றே திரும்பிப் பார்ப்போம். அங்கே யாருமில்லாமல் ஒருவர் படுத்திருந்தால், நாம் கொண்டுபோன கஞ்சியில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. விழாக் காணும் நம் பங்கில் இந்தப் பழக்கம் வேரூன்ற, நோயாளிகளின் அன்பரான நம் ஆண்டவர் அருள்புரிவாராக.