தசைத் தளர்த்தியின் தொடக்கத்தை விரைவுபடுத்தல்

முழு மயக்கத்தில் சுவாசக் குழாய் செலுத்துமுன் ஏற்றப்படும் தசைத் தளர்த்தி, குரல்வளையைத் தளர்த்த எடுக்கும் நேரத்தைச் சுருக்கும் முறைகள். வயிறு காலியாகாத நோயாளிக்கு இந்த இடைவெளிதான் ஆபத்தானது. இரைப்பையில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும். ஆகவே, கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிறுவனம் போன்ற இடங்களில் இது அன்றாடக் கேள்வி.

தென்னமெரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் பூசிய குராரேயே இம்மருந்துகளின் மூலம். கயானாவிலிருந்து அதைக் கொண்டுவந்த சார்ல்ஸ் வாட்டர்டன், 1814இல் இலண்டனில் ஒரு பெண் கழுதையின் தோளில் ஏற்றச் செய்தார். பத்து நிமிடத்தில் அது செத்தது போல் விழுந்தது. மூச்சுக்குழாயைக் கீறித் துருத்தியால் மணிக்கணக்கில் காற்றூத, தலைதூக்கி எழுந்தது. பின்னர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வாழ்ந்தது. மூச்சை நாம் பார்த்துக்கொண்டால் இந்த நஞ்சு கொல்லாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை இல்லை. பின்னர் கிளோட் பெர்னார், குராரே நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலேயே தாக்குகிறது என்று நிறுவினார். 1942 ஜனவரி 23இல் மொன்றியலில் ஹரல்ட் கிரிஃபித்தும் எனிட் ஜோன்சனும் அதைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தனர்.

1951 அளவில் வழக்குக்கு வந்த சக்சமெத்தோனியம் ஒரு நிமிடத்தில் வேலை செய்தது. முகத்திலும் தோளிலும் தசைகள் துடித்து, பின் அடங்கும். அதுவே குழாய் செலுத்தும் சைகை. ஆனால் அது குருதியின் பொட்டாசியத்தை லீற்றருக்குச் சுமார் 0.5 மில்லிமோல் உயர்த்தும். பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியவருக்கு அது ஆகாது. இந்திய ஆரிய வைசிய சமூகத்தாரில் சிலருக்கு அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. சில நிமிட மருந்து மணிக்கணக்கில் நீளும்.

மாற்று மருந்துகளை விரைவுபடுத்த 1980களில் 'முன்னூட்டல்' பரவியது: பத்திலொரு பங்கை முதலில் கொடுத்து, மூன்று நான்கு நிமிடம் கழித்து மீதியைக் கொடுப்பது. தசை ஏற்பிகளில் முக்கால் பங்கு அடைபடும்வரை பலவீனம் தெரியாது என்பதே அதன் அடிப்படை. எனினும் சிலருக்கு அச்சிறு அளவிலேயே இரட்டைப் பார்வை வந்தது, விழுங்க முடியாமல் போனது. எந்த ஆபத்தைத் தவிர்க்க இம்முறை வந்ததோ அதையே அது அழைத்து வந்தது, கைவிடப்பட்டது சரியே.

வீரியம் குறைந்த மருந்துக்கு அளவு கூடுதலாகத் தேவை. மூலக்கூறுகள் பெருந்தொகையாகச் சென்று ஏற்பிகளை விரைவில் அடைக்கும். 1994இல் வந்த ரொக்குரோனியத்தின் வேகம் இதனால்தான். கிலோவுக்கு 0.6 மி.கி. கொடுத்தால் ஒன்றரை நிமிடம் வரை ஆகும், 1.2 மி.கி. கொடுத்தால் ஒரு நிமிடம், சக்சமெத்தோனியத்துக்கு இணை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 மி.கி. வேண்டும், 50 மி.கி. குப்பி ஒன்று போதாது, இரண்டாவதையும் உடைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் விளைவு நீளும். அட்ராகூரியம் உடல் வெப்பத்திலேயே சிதைவதால் அவர்களுக்கு ஏற்றது, ஆனால் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

எபெட்ரினும் மக்னீசியமும் சில வினாடிகளை மிச்சப்படுத்துகின்றன. ரொக்குரோனியத்தின் விளைவை உடனே நீக்கும் சுகமடெக்ஸ் 2008 முதல் ஐரோப்பாவில் உண்டு. கடுமையான சிறுநீரகப் பழுதில் அது பரிந்துரைக்கப்படுவதில்லை.