கள்ளத்தோணியிலிருந்து கண்காணிப்புப் படகு வரை

எல்லையைக் காப்பது அரசாங்கத்தின் வேலை. திருடனைப் பிடிப்பது ஊர்ப் பொலிஸின் வேலை. பொதுவாக நாம் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பிரிவினை வெகுகாலம் நிலைத்த நாடு அரிது. அமெரிக்க மத்திய அரசு 'ஒப்பரேஷன் ஸ்டோன்கார்டன்' என்ற மானியத் திட்டத்தின் மூலம் எல்லையோர ஊர்களின் பொலிஸாருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவும் வாகனமும் கருவிகளும் கொடுத்து, அவர்களையும் எல்லைக் காவலர்களாக்கிக் கொண்டது. இலங்கையில் இந்தக் கதை அதற்கும் பல தசாப்தங்கள் முந்தியது. அது மன்னார்க் கடலோரத்தில் தொடங்கி, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்தது.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மற்றது 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அதுவரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடல் ஒரு பாதையாகத்தான் இருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்த தொழிலாளிக்கும், செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த வணிகருக்கும், ஊருக்குப் போய்வருவது ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம், அவ்வளவே. புதிய சட்டம் அந்தப் பாதையைக் குற்றமாக்கியது. 'கள்ளத்தோணி' என்ற சொல் அரசியல் மேடைகளுக்கு ஏறியது. சட்டபூர்வமாக வந்தவரையும், இங்கேயே பிறந்தவரையும்கூட அச்சொல் விட்டுவைக்கவில்லை.

1952இல் இராணுவம் 'ஒப்பரேஷன் மொன்டி' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து படகில் வருவோரைத் தடுப்பதில் பொலிஸாருக்கு உதவுவதே அதன் பணி. கடற்படையும் அதில் இணைந்து கொண்டது. 1963இல் அது விரிவாக்கப்பட்டு, சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புச் செயலணி என்ற பெயரில் 1981 வரை நீடித்தது. வடக்கில் இராணுவம் நிலைகொண்டது ஆயுதப் போராட்டத்தோடுதான் என்று இன்றைய இளைஞர் பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 'எல்லைப் பாதுகாப்பு' என்ற பெயரில் அது அங்கே இருந்தது. இடையில், 1955 முதல் 1959 வரை இராணுவத் தளபதியாக இருந்த அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

போர் தொடங்கியபின் எல்லை கடலிலிருந்து தரைக்கு ஏறியது. முதலில் வவுனியாவில் பாஸ் முறை. பிறகு கொழும்பில் 'பொலிஸ் பதிவு'. வீட்டில் வசிப்போர் அனைவரின் பட்டியலையும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு வழங்குவது, ஆங்கிலேயர் காலத்து 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு. அவசரகாலச் சட்டம் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பும் ஜூலையில் தெகிவளை ரயில் குண்டுவெடிப்பும் நிகழ்ந்தபின் சோதனைகள் இறுகின. அந்தக் குண்டுகளுக்கு அப்பாவிகள் பலியானார்கள், ஓர் அரசுக்குத் தன் தலைநகரைக் காக்கும் கடமை உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடமை எப்படி நிறைவேற்றப்பட்டது?

அந்த ஆண்டுகளில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நான் கண்ட வீடுகளில் பொலிஸ் முத்திரையிட்ட குடியிருப்போர் பட்டியலை அடையாள அட்டையைப் போலவே பத்திரமாக வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தாய் வந்தாலும் பதிய வேண்டும். ஏன் வந்தீர்கள்? எத்தனை நாள் தங்குவீர்கள்? எப்போது திரும்புவீர்கள்? விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அந்நியரிடம் கேட்கும் இந்தக் கேள்விகளைச் சொந்த நாட்டுப் பிரஜையிடம் பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள்.

அதன் உச்சம் 2007 ஜூன் 7. விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளுக்குள் புகுந்த பொலிஸார், அங்கு தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டு வேலைக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்கள். 'கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை' என்பதே அவர்கள் செய்த குற்றம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். நாடுகடத்தல் என்பது அந்நியருக்குச் செய்வது. அன்றைய தினம் அது நாட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது.

2009இல் போர் முடிந்தது. இப்போது எல்லைக் காவலுக்கான உதவி கன்பராவிலிருந்து வரத் தொடங்கியது. இலங்கையில் பொலிஸ் மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குத் தருவதாகச் சொன்ன பொலிஸ் அதிகாரம் ஏட்டோடு நின்றுவிட்டது. ஆகவே அமெரிக்காவில் மத்திய அரசு ஊர்ப் பொலிஸுக்குக் கொடுப்பதை, இங்கே ஓர் அந்நிய அரசு நமது பொலிஸுக்கும் கடற்படைக்கும் கொடுத்தது. 2012இல் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இலங்கையிலிருந்து படகில் அவுஸ்திரேலியாவை அடைந்திருந்தனர். 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த பிரதமர் டோனி அபொட், இரண்டு ரோந்துப் படகுகளை அன்பளிப்பாக அறிவித்தார். பின்னர் ஆளில்லா விமானங்கள், 2024இல் ஒரு கண்காணிப்பு விமானம் என்று அந்த உதவி தொடர்ந்தது. அதே 2013இல், ஆட்கடத்தல் சந்தேகத்தின் பேரில் கடற்படையினர் சிலரே கைதானார்கள் என்பதையும் மறக்கலாகாது.

2014 ஜூலையில் 41 பேரை நடுக்கடலில், மட்டக்களப்புக்கு அப்பால், அவுஸ்திரேலியா இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வரே தமிழர். காலி நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களில், சட்டவிரோதமாக நாட்டை விட்டுச் சென்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மீது பாய்ந்தது எந்தச் சட்டம் தெரியுமா? 1948ஆம் ஆண்டின் அதே 20ஆம் இலக்கச் சட்டம்தான்! இந்தியாவிலிருந்து தோணியில் வருபவரைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட சட்டம், இங்கிருந்து தோணியில் தப்பிச் செல்பவரைத் தண்டிக்கும் சட்டமாகிவிட்டது. தமிழருக்கென்று கூர்தீட்டிய கத்தி சிங்கள மீனவனையும் வெட்டியது.

மானியம் கொடுப்பவர் தடுத்த படகுகளை எண்ணுகிறார். அந்தப் படகில் ஏறியவர் ஏன் ஏறினார் என்பதை எண்ணுவதற்கு எந்த அரசும் பணம் ஒதுக்குவதில்லை. அதேபோல, ஒரு நெருக்கடிக்கென வழங்கப்பட்ட அதிகாரம் நெருக்கடி முடிந்தபின் தானாகத் திரும்பிப் போவதுமில்லை. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானது. 76ஆம் பிரிவு காலாவதியாகவில்லை. அதன்பின்னும் கொழும்பு வீடுகளுக்குப் பொலிஸ் படிவங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. படிவத்தை நிரப்புமுன், எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய கட்டளையின் பேரில் கேட்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2007இல் அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க ஒரே நாள்தான் ஆனது. அதைக் கேட்க ஒருவர் இருந்தார் என்பதால்தான் பஸ்கள் நின்றன.