ஓசூரில் வீட்டுத் தரகும் சாவிப் பொறுப்பும்

விற்பனைக்கு வந்த வீட்டைத் தரகர் திறந்துகாட்டும் வழக்கம் ஓசூரில் வேரூன்றியதை, அவ்வூர் தொழில்நகரமாக வளர்ந்த வரலாற்றோடு சேர்த்தே காண வேண்டும். 1971இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், அதாவது தொழிற்சாலைகளுக்கு நிலமும் அடிப்படை வசதிகளும் தரும் கழகம், அந்தப் பத்தாண்டிலேயே இங்குத் தொழில்வளாகம் அமைக்க, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. வேலைக்கு வந்தவர்கள் வீடு வாங்கினர். பின்னர் மாற்றலாகியோ பெங்களூருவில் குடியேறியோ அவர்களிற் பலர் ஊரைவிட்டுச் சென்றபோது, சாவி பக்கத்து வீட்டாரிடமோ தரகரிடமோ தங்கியது.

இந்த ஒப்படைப்புக்கு எழுத்து தேவைப்படவில்லை. ஏனெனில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் சார்பில் செயல்படும் முகவரை வாய்மொழியாகவும் அமர்த்தலாம். வீட்டைப் பார்ப்பதற்கோ சட்ட எடை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வாங்குபவர் இயல்பான கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியக் குறைகளைச் சொல்லும் கடமையையே விற்பவர்மீது சுமத்துவதால், தளத்தின் ஈரக்கசிவையும் சுவரின் விரிசலையும் வாங்குபவர்தான் கண்டறிய வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்போர் உள்ள வீட்டில் நிலை வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டத்தின்படி, பழுதுபார்ப்பு போன்ற தேவைக்கோ ஒப்பந்தத்தில் குறித்த நியாயமான காரணத்துக்கோ மட்டுமே, 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 7 முதல் இரவு 8 மணிக்குள் உரிமையாளர் நுழையலாம். ஆகவே, வாங்க வருவோருக்கு வீட்டைக் காட்டுவதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம், ரெரா, தரகரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அப்பதிவு மாநில அளவிலானது என்பதால், ஓசூர்த் தரகர் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ரெரா பதிவுபெற்ற குடியிருப்பை விற்றுத்தரக் கர்நாடகத்திலும் பதிய வேண்டும். ஆனால், பதிவுபெற்ற திட்டங்களுக்கே அக்கட்டாயம் பொருந்துவதால், தனிவீட்டின் மறுவிற்பனை அதற்கு வெளியே நிற்கிறது. அங்கே சாவி யாரிடம் சென்றது என்பதை உரிமையாளரே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் கதவருகே தொங்கும் மின்னணுச் சாவிப்பெட்டி, எந்த முகவர் எப்போது திறந்தார் என்பதைப் பதிந்துவைக்கிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், நாளும் நேரமும் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு.